வாங்கிய பழைய பைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, உதவி தேவை

காட்பாடி ஷிப்ட்காரர்:
வணக்கம். போன மாதம் குடியாத்தத்தில் ஒருவரிடம் 2013 மாடல் 100 சிசி பைக் வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி. ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வரத்தான். முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இப்போது திருவலம் பாலத்தை நெருங்கும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் இழுக்காமல் திணறி, இரண்டு தடவை உதறிவிட்டு அணைந்துவிடுகிறது. உடனே கிக் அடித்தால் எடுக்காது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒரே கிக்கில் எடுக்கிறது. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று. மெக்கானிக் போர் வேலை (இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றுவது) பார்க்கணும், 8,000 ரூபாய் ஆகும் என்கிறார். வண்டி வாங்கியதே கடனில். இரவு ஷிப்ட் முடிந்து அந்தப் பாலத்தில் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது அண்ணே.

சத்துவாச்சாரி பட்டறை:
தம்பி, போருக்கு அவசரப்பட வேண்டாம். நீலப் புகை வருகிறதா? ஆயில் குறைகிறதா? காலையில் இழுவை எப்படி?

காட்பாடி ஷிப்ட்காரர்:
புகை இல்லை. ஆயில் அளவு அப்படியே இருக்கிறது. காலையில் நன்றாக இழுக்கிறது.

ஆற்காடு ரோடு:
கார்புரேட்டரில் அழுக்கு இருக்கும். கழற்றி, பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டை ஊதிவிடுங்கள், சரியாகிவிடும்.

சத்துவாச்சாரி பட்டறை:
ஜெட் அடைத்திருந்தால் கிளம்பும்போதே திணறும் அண்ணே, 12 கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டு நிற்காது. தம்பி, ஒன்று சொல்லுங்கள். முதல் வாரம் பெட்ரோல் எவ்வளவு போட்டீர்கள்?

காட்பாடி ஷிப்ட்காரர்:
அப்போது தினம் 100 ரூபாய்க்குத்தான். சம்பளம் வந்ததும் டேங்க் நிரப்பினேன். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன், அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் நிற்கிறது!

சத்துவாச்சாரி பட்டறை:
அப்படியானால் டேங்க் மூடி மேல்தான் எனக்குச் சந்தேகம். மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராது. உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே கொஞ்ச தூரம் சமாளிக்கும். முழு டேங்கில் காற்றுக்கு இடமே குறைவு, அதனால் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். நிறுத்தி வைத்தால் எங்கேயாவது கசிந்து காற்று மெதுவாக உள்ளே போய்விடும், வண்டி எடுத்துவிடும். அதைத்தான் இன்ஜின் ஆறியதால் எடுத்தது என்று நினைக்கிறோம்.

வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும், பட்டறைக்கு வந்த பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியபின் கிக்கில் எடுத்தால் அதுதான். சத்தம் இல்லையென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்துங்கள். டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் டேப் திறந்திருக்கும்போது பெட்ரோல் நிற்காமல் வடிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப் ஃபில்டரில் துரு. நன்றாக வடிந்தால், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் சூட்டில் விட்டுப்போகலாம், கரண்ட் பக்கம் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்பதென்றால் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, மூடியை இறுக்கிவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

காட்பாடி ஷிப்ட்காரர்:
அண்ணே, நேற்று பாலத்துக்கு முன்பே நின்றது. மூடியைத் திறந்தேன், உஸ் என்று நன்றாகவே கேட்டது. உடனே எடுத்தது. வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டையில் மண்ணும் துருவும் கெட்டியாக இறுகியிருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி, பெட்ரோலில் கழுவி மாட்டினேன். இன்று முழு டேங்கோடு ராணிப்பேட்டை போய்த் திரும்பிவிட்டேன், எங்கும் நிற்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணே.

சத்துவாச்சாரி பட்டறை:
சந்தோஷம் தம்பி. மூடியில் துரு என்றால் டேங்க்குக்குள்ளும் இருக்கும். பெட்ரோல் குறைந்ததும் வடித்துப் பாருங்கள், டேப் ஃபில்டரையும் கழுவிவிடுங்கள்.

காட்பாடி ஷிப்ட்காரர்:
சரிண்ணே, ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.