தண்டல் அட்டை, வெற்றுப் புரோநோட்டு, ஜாமீன் கையெழுத்து: வட சென்னை அனுபவங்கள்

காசிமேட்டிலிருந்து

எங்கள் அத்தைக்கு மீன் வியாபாரம். துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும், கையில் ரொக்கம் இருந்தால்தான் கூடை. அதனால் தண்டல், அதாவது தினம் தினம் தவணை கட்டும் கடன், வாங்குவது எங்கள் பக்கம் புதிதல்ல. 20,000 ரூபாய்க் கடன் என்றால் 3,000-ஐ முன்னாடியே பிடித்துக்கொண்டு 17,000 தருவார்கள். தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பதினைந்து சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசலை அன்றாடம் அடைத்துக்கொண்டே வருகிறோம் இல்லையா, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

சிக்கல் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, தண்டல்காரர் மட்டும் தவறாமல் வருவார். தவணை நின்றதும், "புதுசா போட்டுக்கலாம்" என்றார். அதாவது புதுக் கடனில் பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவது, தவணையைக் குறித்துவைத்த பழைய அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவது. இப்படி மாற்றி மாற்றிப் போட்டதில், இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்பதற்கு அத்தையிடம் ஒரு தாள்கூட இல்லை. அவரிடமோ அத்தை கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாமல் கொடுத்த புரோநோட்டும் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதித் தரும் சீட்டு) ஒரு வெற்று செக்கும் இருந்தன. பாக்கி கேட்கும்போதெல்லாம் "ஒண்ணரை லட்சம்னு எழுதிக்குவேன்" என்று மிரட்டல் வேறு.

நல்லவேளை, அத்தை மகளுக்கு எதைப் பார்த்தாலும் போனில் படம் எடுக்கும் பழக்கம். மஞ்சள் அட்டை, நூறு கட்டம், கட்டத்துக்கு ஒரு கிறுக்கல். மீன் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தாலும் தேதிகளைப் படிக்க முடிந்தது.

காவல் நிலையத்தில் முதலில், "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். (இந்த வசனத்தைக் கேட்காத குடும்பம் நம் பக்கம் உண்டா?) அப்புறம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். அங்கே கொடுத்த வக்கீலம்மா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டதாம். நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாம் அதில் பேர் சொல்லியே இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பிறகு எப்படி வெறும் சிவில் ஆகும்? தர வேண்டிய பணத்தைச் சட்டப்படியான வட்டியோடு நீதிமன்றத்திலேயே கட்டிவிடவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

போனில் இருந்த படங்களைப் பிரிண்ட் போட்டு, சட்டத்தின் பேரையும் எழுதி மனு தயாரித்துக் கொடுத்தார். அதைக் காவல் நிலையத்தில் கொடுத்த கையோடு, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கினோம். அதுவரை ஒருமையில் பேசிக்கொண்டிருந்த தண்டல்காரர், "அக்கா, நமக்குள்ள எதுக்கு ஸ்டேஷன் எல்லாம்" என்று வீடு தேடி வந்தார்!

வக்கீல் முன்னிலையில் கணக்குப் பார்த்தோம். கையில் வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று படத்தை வைத்தே போட்டதில் பாக்கி சொற்பம்தான். அதைக் கொடுத்து புரோநோட்டையும் செக்கையும் திரும்ப வாங்கினோம். அத்தை அப்படியே மடித்து சுருக்குப் பையில் வைக்கப் போனார். வக்கீல் விடவில்லை. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இருந்த கையெழுத்தைக் குறுக்கே அடிக்கச் சொன்னார். அத்தை அழுத்திய அழுத்தில் ஸ்டாம்பே கிழிந்துவிட்டது. அதோடு "பாக்கி ஏதும் இல்லை" என்று தண்டல்காரர் கையாலேயே தேதி போட்டு எழுதி வாங்கினோம்.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து

செக்கைப் பற்றி ஒரு வார்த்தை. "தொகையை வேறு ஆள் எழுதியிருந்தால் கேஸ் நிற்காது" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வெற்று செக்காகவே கொடுத்திருந்தாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் அது கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 2019-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில். வெற்றுப் புரோநோட்டும் ஏறக்குறைய இதே கதைதான்.

என் நண்பர் ஒருவர், செக் பணமில்லாமல் திரும்பியதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததும் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால், கையில் கிடைத்ததாகவே சட்டம் கருதும். பணம் கட்ட 15 நாள் அவகாசம், அதைத் தாண்டினால் எதிராளி ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அவருக்குச் சம்மன் வந்தபோது, ஏற்கெனவே பாதிப் பணம் கட்டிய விவரத்தைப் பதில் நோட்டீஸிலேயே ஏன் சொல்லவில்லை என்பதுதான் முதல் கேள்வி.

பெரம்பூரிலிருந்து

எங்கள் வீட்டு விவகாரம் ஜாமீன் கையெழுத்து. கூட வேலை பார்த்தவருக்காக என் மச்சான் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் சில தவணை கட்டிவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். "முதல்ல அவரைப் பிடிங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்று மச்சான் சண்டை போட்டுப் பார்த்தார். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு சமம். அவரைத் தேடிப் பிடித்த பிறகுதான் இவரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மச்சானின் சிபில் ஸ்கோரிலும் அடி விழுந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் போன் வந்துகொண்டிருந்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதும் அது நின்றது. கடைசியில் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) வட்டியைக் குறைத்துத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் உங்களால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

கட்டி முடித்த ஜாமீன்தாரர் அந்தப் பணத்தைக் கடன் வாங்கியவரிடம் கேட்டு வழக்குப் போடலாம். மச்சான் நோட்டீஸ் விட்டிருக்கிறார். அக்காதான், "அந்த ஆள் சம்சாரம் பாவம்" என்று இன்னமும் தடுத்துக்கொண்டிருக்கிறாள்.

காசிமேட்டிலிருந்து, மறுபடியும்

வக்கீலுக்கு எவ்வளவு ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போவதற்கு முன்னால் 15100 எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளலாம். ஆதாரும், கையில் இருக்கும் எல்லாத் தாள்களும் ஜெராக்ஸோடு எடுத்துப் போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது.