பழைய மூளை எம்ஆர்ஐயோட ஒப்பிடும்போது சின்ன ரத்தக்குழாய் நோய் கூடியிருக்குன்னு எப்ப எழுதலாம்?

கேள்வி (ராமநாதபுரம்)
பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து பிரஷர் உள்ளவங்க, 2 வருஷத்துக்கு முந்தி மதுரையில எடுத்த மூளை ஸ்கேனோட வர்றாங்க. இப்ப எடுத்ததுல ஃப்ளேர்ல (மூளை நீரைக் கறுப்பாக்கிக் காட்டுற எம்ஆர்ஐ படம்) வெள்ளைத் திட்டு கூடுதலாத் தெரியுது. எஸ்டபிள்யூஐ-ல (ரத்தக்கசிவுத் தடத்தைக் காட்டுற படம்) 5, 6 கறுப்புப் புள்ளி. பழைய ரிப்போர்ட்ல நுண்கசிவு (மூளைக்குள்ள பொடி ரத்தக்கசிவு) இல்லைன்னு இருக்கு. நோய் கூடியிருக்குன்னு எழுதலாமா?

பதில் 1
அவசரப்படாதீங்க தம்பி. பழையதுல எஸ்டபிள்யூஐ இருந்துச்சா, வெறும் ஜிஆர்இ-யா (அதே வேலைக்கான பழைய முறை)? ஜிஆர்இ தவறவிடுற புள்ளிய எஸ்டபிள்யூஐ பிடிச்சிரும், காந்த பலம் 1.5 டெஸ்லா உள்ள மெஷினை விட 3 டெஸ்லா மெஷின் இன்னும் அதிகமாக் காட்டும். சீக்வென்ஸ் (படம் எடுக்கிற முறை) வேறன்னா "நேரடியா ஒப்பிட இயலாது"ன்னு ரிப்போர்ட்லயே எழுதிருங்க. அத எழுதாம விட்டா, அடுத்துப் பார்க்கிற டாக்டர் புதுசா ரத்தக்கசிவுன்னு பயந்து ஆஸ்பிரினை நிறுத்தக்கூடும்.

நுண்கசிவுன்னா 2 முதல் 10 மி.மீ. குளோபஸ் பாலிடஸ்ல (மூளையோட ஆழத்துல உள்ள ஒரு பகுதி) ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா சுண்ணாம்புப் படிவா இருக்கலாம். எஸ்டபிள்யூஐ-யோட வர்ற ஃபேஸ் படத்தையோ சிடி ஸ்கேனையோ பாருங்க. இடத்தையும் குறிக்கணும்: தலாமஸ், பேசல் கேங்லியா மாதிரி ஆழப் பகுதியிலயோ மூளைத்தண்டுலயோ இருந்தா பெரும்பாலும் பிரஷர். புறணியை ஒட்டி மட்டும் இருந்தா அமிலாய்டு ரத்தக்குழாய் நோயை (குழாய்ச் சுவர்ல அமிலாய்டு புரதம் படியிறது) நினைக்கணும்.

வெள்ளைத் திட்டும் இதே கதைதான். 5 மி.மீ. தடிமன்ல இடைவெளி விட்டு வெட்டுன ஃப்ளேரையும் 1 மி.மீ. 3டி ஃப்ளேரையும் பக்கத்துல வச்சா கூடுன மாதிரித்தான் தெரியும். திட்டு எவ்வளவுன்னு சொல்ற ஃபாசெகாஸ் மதிப்பெண்ணை வென்ட்ரிக்கிள் (மூளை நீர் அறை) ஓரத்துக்குத் தனியா, ஆழப் பகுதிக்குத் தனியாப் போடுங்க.

பதில் 2
லக்கூனையும் (பழைய சின்ன பாதிப்பு விட்டுப்போன குழி) விரிஞ்ச ரத்தக்குழாய் ஓர இடைவெளியையும் குழப்பிக்கிறது இன்னொரு தப்பு. ரெண்டும் டி2 எம்ஆர்ஐ படத்துல வெள்ளை, ஃப்ளேர்ல கறுப்பு. லக்கூன் 3 முதல் 15 மி.மீ., ஃப்ளேர்ல பெரும்பாலும் சுத்தி வெள்ளை விளிம்பு இருக்கும். இடைவெளி குழாய் போற திசையில நீளமா, வழக்கமா 3 மி.மீ.க்குள்ள இருக்கும். பேசல் கேங்லியாவோட அடியில மட்டும் அதைவிடப் பெரிசா வரும்; அங்கதான் பலபேர் லக்கூன்னு எழுதிடுறாங்க.

கேட்டவர்
நன்றி ஐயா. பழையது ஜிஆர்இ-தான். கையில ஃபிலிம் மட்டும்தான் இருக்கு.

பதில் 1
ஃபிலிம்ல 3 மி.மீ. அளக்கிறது நம்பகமில்ல, டைகாம் (அசல் டிஜிட்டல் படம்) உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க. அடுத்த தடவைக்கும் அதே மெஷின், அதே சீக்வென்ஸ்னு சீட்டுலயே எழுதிக் குடுங்க. இதுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்ல. உள்ள விடுறதுக்கு முந்தி அரைஞாண் கயிறு, தாயத்தையும் கழட்டச் சொல்லணும். பட்டறையில வெல்டிங், கிரைண்டிங் பண்ணுனவங்கன்னா கண்ணுல இரும்புத்தூள் பட்டதுண்டான்னு கேட்டே ஆகணும்.