மறுமொழி: ‘சமதளக் காந்த ஹெட்போன்’ என்ற சொல் பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

‘பிளேனர் மெக்னெட்டிக்’ எனப்படும் ஹெட்போன் வகைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ஐயா சென்ற வாரம் முன்வைத்த ‘சமதளக் காந்த ஹெட்போன்’ என்ற சொல்லைப் பற்றி நான் உடனே எழுதவில்லை. அந்தச் சொல் குறிக்கும் பொருளே அப்போது என் மேசையில் பிரித்த நிலையில் கிடந்தது; அதைப் பூட்டி முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். தோட்டத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு வெளியே வந்து, இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் வழக்கமாகப் போகும் ரேடியோ திருத்தும் கடைக்கு வந்து சேர்ந்த யமஹா எச்பி-1 அது. 1976 இல் சந்தைக்கு வந்த அந்த ஹெட்போனுக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெலினி. உருவம் இன்றும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்குள்ள மூட்டமும் ஈரமும் பொலியூரித்தேன் பஞ்சை விட்டுவைப்பதில்லை என்பதால், காது மெத்தைக்குள் இருந்த பஞ்சு தொட்டதும் கறுப்புத் தூளாகக் கையில் ஒட்டியது.

வலப்பக்கம் ஊமையாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் இடப்பக்கம் 150 ஓமுக்கு அருகில் காட்டியது. வலப்பக்கம் ஒன்றும் காட்டவில்லை. சாதாரண ஒலிபெருக்கியில் மீட்டர் காட்டும் தடையும், மாறி மாறி ஓடும் மின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பாகத் தயாரிப்பாளர் குறிப்பிடும் தடங்கலும் வேறுபடும். அதிர்வெண் மாற மாறத் தடங்கலும் ஏறி இறங்கும். இந்தச் சமதளக் காந்த வகையிலோ தூண்டல் மிகக் குறைவு என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே இடப்பக்கத்து எண் சரியாக இருந்ததே அந்தப் பக்கத்தில் மின்னோட்டம் செல்லும் தடம் அறாமல் இருப்பதற்குப் போதிய சாட்சி. வலப்பக்கத்தில் ஈயம் வைத்த இடம் பச்சை பூத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சுரண்டிப் புதிதாக ஈயம் வைத்ததும் ஒலி வந்தது. ஆனால் அதனுடன் ஓர் இரைச்சலும் வந்ததால், ஒலியை எழுப்பும் பகுதியான இயக்கியையே பிரிக்க வேண்டியதாயிற்று.

பிரித்த வேளையில் கடைக்கார அண்ணன் பக்கத்தில் இருந்தார். நாற்பது வருடங்களாக ரேடியோவும் பெட்டி ஸ்பீக்கரும் திருத்துகிறவர் அவர். துளைகள் நிறைந்த இரண்டு காந்த வட்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகின. அவர் நடுவில் இருந்த மெல்லிய படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “காயில் எங்க தம்பி?” என்று கம்பிச் சுருளைக் கேட்டார். படலத்தின் மேல் சுற்றிச் சுற்றிப் போகும் உலோகத் தடத்தைக் காட்டினேன். “அப்ப தோலே காயிலா இருக்கே!” என்றார். என் கருத்தில் இந்த விவாதத்தில் இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்களுள் இதுவே மிகத் துல்லியமானது. இக்கடிதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்று கொள்ளலாம்.

நாம் வழக்கமாகக் காணும் ஒலிபெருக்கியில், கம்பிச் சுருள் கூம்பின் நடுவில் ஒட்டப்பட்டிருக்கும். சுருள் அசைய, அது கூம்பைத் தள்ளும். விசை ஓரிடத்தில் பிறந்து விளிம்பு வரை பரவ வேண்டும். இந்த வகையில் தனிச் சுருள் கிடையாது. மின்னோட்டம் செல்லும் தடம் படலத்தின் பெரும்பகுதியில் விரிந்து கிடக்கிறது. இரு பக்கத்துக் காந்தங்களும் ஒத்த முனைவுகள் எதிரெதிரே நிற்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால் (வட்டுகள் ஒன்றையொன்று தள்ளியதற்குக் காரணமும் அதுவே) காந்தப்புலக் கோடுகள் படலத்தின் வாக்கில் வளைந்து செல்கின்றன. புலமும் மின்னோட்டமும் படலத்தின் தளத்திலேயே ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்க, பிளெமிங்கின் இடக்கை விதிப்படி விசை படலத்துக்குச் செங்குத்தாகப் பிறக்கிறது. அதுவும் ஓரிடத்தில் அல்லாமல், தடம் ஓடும் இடமெங்கும் ஒரே வேளையில் பிறக்கிறது.

தயாரிப்பாளர்கள் இந்த ஒரே அமைப்பின் வெவ்வேறு முகங்களைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வோர்ஃப்டேல் நிறுவனம் ‘ஐசோடைனமிக்’ என்றது. விசை எங்கும் சமம் என்பது அதன் கருத்து. யமஹா ‘ஓர்தோடைனமிக்’ என்றது. ‘ஓர்தோ’ என்ற கிரேக்க வேருக்கு நேர், செம்மை என்று பொருள். ஜப்பானின் பொஸ்டெக்ஸ் நிறுவனம் தன் தயாரிப்புகளில் ‘ஆர்பி’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து, அவற்றுக்கு ‘ஒழுங்கான அவத்தை’ (அவத்தை என்பது அலை தன் சுழற்சியில் நிற்கும் நிலை) என்ற பொருளில் விரிவும் தந்தது. பிற்காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக வந்து நிலைத்ததுதான் ‘பிளேனர் மெக்னெட்டிக்’.

முதலில் எனக்கு, ‘ஓர்தோடைனமிக்’ என்பதற்கு ஈடான ‘செவ்வியக்கம்’ என்ற சொல்லில் ஆசை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செங்கோணம், செங்குத்து ஆகியவற்றில் உள்ள ‘செம்மை’யே அதிலும் இருக்கிறது, சொல்லும் கச்சிதமானது. ஆனால் தொலைபேசியில் ஒரு நண்பரிடம் சொன்னபோது, அவர் அதைச் ‘செவி இயக்கம்’ என்று கேட்டுக்கொண்டு, காது கேளாதோருக்கான கருவியா என்று வினவினார். ‘ஐசோடைனமிக்’ என்பதற்கு ஈடான ‘சமவியக்கம்’ என்பதற்கு அந்தக் குறை இல்லை. சமவெப்பக்கோடு என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு அதன் அமைப்பும் பழக்கமானது. இருந்தும் இரண்டையும் நான் கைவிட்டதற்குக் காரணம் வேறு.

நிலைமின் ஹெட்போன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960 இல் எஸ்ஆர்-1 என்ற பெயரில் வெளியிட்ட வகை அது. அதில் காந்தம் இல்லை. மின்னேற்றம் பெற்ற படலம் இரண்டு துளைத் தகடுகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தத்தில் அசைகிறது. அந்தப் படலமும் தட்டையானது. அதிலும் விசை பரப்பெங்கும் சமமாகவே விழுகிறது. அதிலும் அசைவு செங்குத்தானதே. அப்படியானால் ‘சம’ என்றாலும் ‘செம்’ என்றாலும் ‘தளம்’ என்றாலும் இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்ட முடியாது. ஐயாவின் சொல்லில் ‘காந்தம்’ இருப்பதால் அந்த இடர் நீங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ‘சமதளக் காந்தம்’ என்று படிக்கிறவர் காந்தம் தட்டையாக இருப்பதாகவே புரிந்துகொள்வார். தட்டையான காந்தம் சாதாரண ஸ்பீக்கரின் முதுகிலும் உண்டு.

ஆகவே தனிச்சொல் ஒன்றைத் தேடாமல் ஒரு குடும்பமாகவே அமைத்துவிடலாம் என்பது என் முன்மொழிவு. சுருள் கூம்பைத் தள்ளுவது ‘சுருளியக்கி’. உலோக நாடா தானே கடத்தியாகவும் படலமாகவும் இருப்பது ‘நாடாவியக்கி’. விசை பரப்பு முழுவதிலும் பிறப்பது ‘பரப்பியக்கி’. அதற்குள் ‘காந்தப் பரப்பியக்கி’, ‘நிலைமின் பரப்பியக்கி’ என இரண்டு. நம் எச்பி-1 காந்தப் பரப்பியக்கி வகையைச் சேர்ந்தது. ‘ஓர்தோடைனமிக்’ என்பதை மொழிபெயர்க்காமல் யமஹாவின் வணிகப் பெயராகவே விட்டுவிட வேண்டும். பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கப் போய்த்தான் நாம் பல இடங்களில் இடறியிருக்கிறோம். ‘ஹெட்போன்’ பற்றி இப்போது சண்டை வேண்டாம். ‘தலையணி’ என்று எழுதினால் பாதிப் பேர் தலையணை என்று வாசிக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘டயஃப்ரம்’ எனப்படும் படலத்துக்கான சொல்லையும் இங்கேயே பேசிவிடலாம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘உதரவிதானம்’ என்று எழுதியிருந்தார். உதரம் என்றால் வயிறு. ஒலிபெருக்கிக்கு வயிறு ஏது? நமது உயிரியல் பாடத்துப் ‘பிரிமென்றகடு’ம் அதே உடலுறுப்பைச் சேர்ந்தது, மேலும் ‘தகடு’ என்ற பகுதி விறைப்பான ஒன்றை நினைவூட்டுகிறது. ‘சவ்வு’ போதும் என்பது என் கருத்து. கடைக்கார அண்ணன் சொன்ன ‘தோல்’ இன்னும் உயிருள்ள சொல்தான். ஆனால் தப்பின் தோலுக்கும் இதற்கும் வேலை நேர்மாறானது: மூட்டத்தில் தளர்ந்த தப்பை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவது அது நன்றாக முழங்க வேண்டும் என்பதற்காக, இங்கோ சவ்வு தன் சொந்தக் குரலில் முழங்காமல் இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் இயக்கியின் பின்புறத்தில் கம்பளித் துணி வட்டம் வைக்கிறார்கள். பழைய ஹெட்போன்களை மாற்றியமைப்பவர்கள் பெரும்பாலும் கைவைப்பதும் அந்த இடத்தில்தான். துணி இறுகிப்போயிருந்தால் மாற்றுவதும், ஃபார்மசியில் காயத்துக்கு விற்கும் காகிதப் பிளாஸ்டரை அதன் துளைகளின் மேல் ஒட்டிப் பார்ப்பதும், கிண்ணத்தின் உட்சுவரில் பிளாஸ்டிசினைப் பூசிக் கனமேற்றுவதும் இதன் பொருட்டே. பொஸ்டெக்ஸ் ரி50ஆர்பியை வாங்குகிறவர்களில் பலர் அதை இப்படிப் பிரித்து மாற்றுவதற்கென்றே வாங்குகிறார்கள். இச்செயலுக்கு நம் பாடநூல்களில் ஏற்கெனவே ‘தணித்தல்’ இருக்கிறது; தணிக்கப்படுவதற்குப் ‘பரிவு’ இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ஒத்ததிர்வு’ என்பார்கள்; அது விளக்கமான சொல். ஆயினும் வீணையில் ஒரு தந்தியை மீட்ட, தொடாத தந்தியும் சேர்ந்து அதிர்வதைப் பார்த்தவருக்குப் ‘பரிவு’ என்ற சொல்லின் நயம் விளங்கும். ஆகவே ‘பரிவு தணிப்புத் துணி’ என்று நீட்டாமல், ‘தணிப்புத் துணி’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சலுக்குக் காரணம், காந்தத்தில் ஒட்டிச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்புத் துகள் ஒன்று. ஒட்டு நாடாவின் நுனியால் அதை எடுத்தேன். இரும்புத் திருப்புளியை அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தால், காந்தம் அதை இழுத்துச் சவ்வைக் கிழித்திருக்கும்.

ஹட்டனிலிருந்து,
தங்கள் அன்புள்ள மாணவன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

விரிவான கடிதத்துக்கு நன்றி. நிலைமின் வகையைக் கொண்டு நீங்கள் எழுப்பிய மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். என் சொல் அந்த இடத்தில் தடுமாறுகிறது. ஆனால் ‘பரப்பு’ என்றதும் யாழ்ப்பாணத்து உறுப்பினர்களுக்குக் காணி அளவுதான் நினைவுக்கு வரும் என்பதை மறந்துவிட்டீர்கள். ‘இயக்கி’யைக் கணினிக்காரர்கள் வேறொரு பொருளில் ஆள்கிறார்கள். போதாக்குறைக்கு, வேகமாக வாசிக்கிற மாணவன் ‘பரப்பி அக்கி’ என்று பிரித்துத் தோல் நோயாக்கிவிடுவான். ‘தளம்’ கேத்திர கணிதத்தில் (வடிவியலில்) அவன் அறிந்த சொல். அதை வைத்துக்கொண்டு ‘காந்தத் தளவியக்கி’ என்றால் என்ன குறை?

பதுளையிலிருந்து.

*

மதிப்பிற்குரிய ஐயா,

அக்கியைப் பற்றிய எச்சரிக்கையைக் கண்டு சிரித்தேன். அச்சிடும்போது ‘பரப்பு இயக்கி’ என்று பிரித்து எழுதினால் அது தீர்ந்துவிடும். காணிப் பரப்பைப் பற்றிய மறுப்பு எனக்கு மறுப்பாகவே தோன்றவில்லை. எல்லை உடைய ஒரு விரிவு என்பதே அங்கும் பொருள். இங்கும் அதுவே வேண்டும். கேத்திர கணிதத்தில் தளத்துக்கு எல்லை இல்லை. அது திசையைச் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. இந்த இயக்கியின் சிறப்போ தட்டையாக இருப்பதில் இல்லை. சவ்வில் எவ்வளவு இடத்தில் விசை விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. கணினியின் ‘இயக்கி’ மென்பொருள், நமது ‘இயக்கி’ கையில் பிடிக்கக்கூடிய பொருள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பது அரிது.

ஆயினும் ஐயாவின் ‘தளவியக்கி’யையும் மாற்றுச் சொல்லாகப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்குத் தடை இல்லை. அத்துடன் மூன்றாவதாக ஒன்றையும் வழக்குச் சொல் என்ற குறிப்போடு சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எச்பி-1 ஐப் பூட்டிக் கொடுத்த அன்று கடைக்கார அண்ணன் பெட்டியின் மேல் ஒட்டிய துண்டுக் கடதாசியில் இப்படி எழுதியிருந்தார்: “தோல் காயில் ஹெட்போன். வலது பக்கம் சரி. பஞ்சு புதுசு.”

ஹட்டனிலிருந்து.