பிரேக் பேடை வீடியோ பார்த்து நானே மாற்றலாமா? எதுவரை போகலாம்?

புதுஸ்பேனர் (கேள்வி)

வணக்கம். என்னுடையது சின்ன பெட்ரோல் கார், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. கொஞ்ச நாளாக பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம் வருகிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி எல்லாம் நானேதான் மாற்றுகிறேன். இணையத்தில் பார்த்துக் கற்றதுதான். அந்த தைரியத்தில் பேட் மாற்றும் வீடியோக்களையும் பார்த்தேன், குழப்பம்தான் மிஞ்சியது. ஒருவர், பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கச் சொல்கிறார். இன்னொருவர் காற்றை வெளியேற்றுவதற்கான பிளீடர் நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளச் சொல்கிறார். மூன்றாமவர் இரண்டையும் தொடவே இல்லை. கிரீஸ் எங்கே தடவுவது என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு.

வீட்டில் பிரேக்கில் மட்டும் கை வைக்காதே என்கிறார்கள். எனக்கு என் வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையான ஆசை. என்னைப் போன்றவர்கள் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும்?

நாலுசக்கரம்

தாராளமாகச் செய்யுங்கள். பேடும் பிஸ்டனும் இருக்கும் காலிபரில் இரண்டு போல்ட்தான். பழையதை உருவி, பிஸ்டனை உள்ளே தள்ளி, புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. இதற்குப் போய் மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

பட்டறைக்கை

தம்பி, நான் பல வருடம் பட்டறையில் வேலை பார்த்தவன். நாலுசக்கரம் சொல்வதில் பொய் இல்லை, வேலை அவ்வளவுதான். ஆனால் சுலபமா கஷ்டமா என்பதை வைத்து எல்லை போட்டால் தப்பான இடத்தில் போய் நிற்பீர்கள். சில கார்களில் ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரையே கழற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். அதில் தப்பு செய்தால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். பேட் மாற்றுவது அதைவிடச் சின்ன வேலை. அதில் ஒரு போல்ட்டை முறுக்க மறந்தால் ஓட்டும்போதுதான் தெரியும்.

அதனால் நான் யாருக்கும் சொல்வது இது: தப்பு நடந்தால் அது எப்போது வெளியே தெரியும் என்று பாருங்கள். வண்டி நிற்கும்போதே தெரிந்துவிடுமா, ஓட்டும்போது தெரியுமா? பேட்டரி டெர்மினல் லூசாக இருந்தால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் ஆகாது. அந்த மாதிரி வேலைகளில் வீடியோ போதும். (கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இது தெரிந்திருக்கும்.)

சில வேலைகளில் தப்பை நிற்கும்போதே வெளியே வரவைக்கலாம். ஆயில் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எண்ணெய்க் கறையில் கறுப்பு மேல் கறுப்பாக இருப்பதால் கண்ணில் படாது. அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கினால் கைக்கு நன்றாகப் பிடித்த மாதிரியே இருக்கும். எஞ்சின் ஓடி ஆயில் அழுத்தம் ஏறியதும் இரண்டு வளையங்களில் ஒன்று பிதுங்கிக்கொண்டு வரும், ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். நடுச்சாலையில் இது நடந்தால் எஞ்சினே போகும். ஆகவே கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு வண்டியை நகர்த்தாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர் ஆயில் மாற்றலாம்.

இனி உங்கள் பேட். மூன்று வீடியோக்களும் வேறு வேறு காரணத்துக்காக வேறு வேறு மாதிரி செய்கின்றன, காரணத்தைத்தான் யாரும் சொல்லவில்லை. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த ஆயில் திரும்ப டப்பாவுக்கு ஏறும். இடையில் யாராவது மட்டம் குறைந்ததைப் பார்த்து ஆயில் ஊற்றியிருந்தால் வழிந்து கொட்டும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்காகத்தான் முதலாமவர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்கச் சொல்கிறார். இரண்டாமவர் காலிபரில் தங்கிய பழைய அழுக்கு ஆயில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் போகக் கூடாது என்று நிப்பிளைத் திறக்கிறார். காரணம் நியாயமானதுதான், ஆனால் பழக்கமில்லாதவர் திறந்தால் காற்று உள்ளே போகும், பெடல் மெத்தென்று ஆகிவிடும், அப்புறம் பிளீட் செய்தே, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றியே, தீர வேண்டும். முதல் தடவை நீங்கள் நிப்பிளைத் தொட வேண்டாம். மட்டத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள், போதும்.

கிரீஸ் விஷயம். காலிபர் வழுக்கும் இரண்டு பின்களுக்கும், பேடின் காதுகள் காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டில் உட்காரும் இடத்துக்கும் மட்டும், மெல்லிசாக. அதுவும் பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸ். சாதாரண கிரீஸ் பின்னின் ரப்பர் உறையை உப்பவைத்து, பின்னை இறுக்கிப் பிடித்துவிடும். பேடின் தேயும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது.

வீடியோவில் வராதது துரு. அவர்கள் காட்டும் வண்டியில் போல்ட் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை கழன்றது, நோகாமல் வரும். உங்கள் வண்டியில் வராது. அப்போது ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கத் தோன்றும். அங்கேதான் போல்ட்டின் தலை மழுங்கும், மரை போகும். துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருங்கள். திரும்ப மாட்டும்போது, குறித்த பலத்துக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வேண்டும். காலிபர் பின் போல்ட்டுக்குப் பல கார்களில் 30 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், பிராக்கெட் போல்ட்டுக்கு 100-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டையும் ஒரே பலத்தில் முறுக்கினால் ஒன்று அறுந்துபோகும், இல்லையென்றால் மற்றது லூசாக நிற்கும். உங்கள் மாடல், உங்கள் எஞ்சின், உங்கள் வருடத்துக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஒரே பெயருள்ள காரிலேயே வருடத்துக்கு வருடம் காலிபர் மாறும், வீடியோவில் சொல்லும் எண்ணை எடுக்காதீர்கள்.

காலிபரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சில் போகக் கூடாத தூசி அது. கிளீனர் தெளித்துத் துடையுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு வண்டி நின்ற இடத்திலேயே பெடலை மிதியுங்கள். முதல் மிதியில் கால் தரை வரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் உள்ளேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப மிதித்தால் பெடல் மேலே வந்து கெட்டியாகும். அதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தினால் முதல் மிதிக்கு பிரேக் இருக்காது. எத்தனையோ வீடியோ இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு ஆறவே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கி, தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் உட்காரவைத்து, கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பில் எந்தப் பாகமும் போகக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையா, இன்றைக்கு வேலை இல்லை.

ஏர்பேக், அதன் மஞ்சள் வயர்கள், ஹைபிரிட் காரின் ஆரஞ்சு கேபிள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைச் சுருக்கிக் கழற்றுவது, ஏசி கேஸ், டீசல் காமன் ரெயில் குழாய் இவற்றை வீடியோ பார்த்துத் தொடவே தொடாதீர்கள். எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் அந்தக் காமன் ரெயிலில் 2000 பார் வரை, சில வண்டிகளில் அதற்கு மேலும், அழுத்தம் இருக்கும், ஊசிமுனைக் கசிவுகூட தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும்.

உங்கள் பேட் வேலையைச் செய்யலாம் என்றுதான் சொல்வேன். முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வீல் மாட்டும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் அவர் தன் கையால் பார்க்கட்டும்.

கோட்நம்பர்

பட்டறைக்கை அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் மெக்கானிக் கையில் கொடுத்தால் தப்பே நடக்காது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பட்டறையில் என் வண்டியின் வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அப்படி இறுக்கியிருந்தார்கள், வழியில் பஞ்சரானபோது காரோடு வந்த ரெஞ்சால் ஒரு நட்டைக்கூட அசைக்க முடியவில்லை. அன்றிலிருந்து வெளியே வேலை செய்து வந்தாலும் டார்க் ரெஞ்சால் நானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

வழிகாட்டி பார்த்துப் படிப்பதன் பெரிய லாபம், நம் வேலையை அடுத்தவர் செய்யும்போதும் சரியான கேள்வி கேட்க முடிவது. வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0420 வந்தால் உடனே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றச் சொல்லும் பதிவுகள் ஏராளம். அந்த கோட் கன்வர்ட்டரின் செயல்திறன் குறைந்ததாகக் கணினி கணக்கிடுகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் அதே எண் வரலாம். இது தெரிந்தவர் விலை அதிகமான ஒரு பாகத்தை வீணாக மாற்ற மாட்டார், மாற்றச் சொல்பவரிடம் கசிவைப் பார்த்தீர்களா என்று கேட்பார்.

புதுஸ்பேனர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன். இன்று வீல்களை மட்டும் கழற்றிப் பார்த்தேன், வேறு எதையும் தொடவில்லை. வலது சக்கரத்தில் இரண்டு பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றன, பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இடது சக்கரத்தில் வெளிப் பேட் நன்றாக இருக்கிறது, உள் பேட் கிட்டத்தட்ட இரும்புவரை போய்விட்டது. அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பேட் செட்டை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா, அண்ணா?

பட்டறைக்கை

நல்ல வேலை செய்தீர்கள், தம்பி. முதலில் பார்த்துவிட்டு வந்து கேட்டீர்களே, அதுவே பாதி வேலை.

அந்தத் தகடு பேட் முடிந்துவிட்டது என்று சத்தம் போடவே வைத்தது. ஆனால் ஒரே சக்கரத்தில் ஒரு பேட் மட்டும் தீர்ந்து மற்றது நன்றாக இருந்தால் பேடை மாற்றினால் மட்டும் தீராது. உங்களுடையது பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் உள்ள காலிபராக இருக்கும். பிஸ்டன் உள் பேடை நேராகத் தள்ளும். காலிபர் பின்களில் வழுக்கி வந்துதான் வெளிப் பேடை டிஸ்க்கோடு இழுக்கும். அந்தப் பின்கள் துருவேறி ஒட்டியிருந்தால் வெளிப் பேடுக்கு வேலையே வராது. இல்லையென்றால் பிஸ்டன் சரியாக உள்ளே திரும்பிப் போகாமல் உள் பேடை டிஸ்க்கில் உரசிக்கொண்டே வைத்திருக்கிறது. வண்டியை ஓட்டி நிறுத்தியதும் இடது சக்கரம் மட்டும் அதிகம் சூடாக இருந்திருந்தால் அதுவும் இதைத்தான் காட்டும்.

கோளாறு பின்னில் என்றால் அதை உருவிச் சுத்தம் செய்து, உறை கிழிந்திருந்தால் புது உறையோடு மாட்டலாம், நீங்களும் கற்றுக்கொள்ளலாம். பிஸ்டனில் என்றால் காலிபரைத் திறந்து சீல் மாற்ற வேண்டும், அல்லது காலிபரையே மாற்ற வேண்டும். ஆயில் லைனைக் கழற்றிப் பிளீட் செய்யும் வேலை அது, முதல் வேலையாக உங்களுக்கு வேண்டாம். எது என்று கையால் அசைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதைத் தெரிந்த மெக்கானிக் பார்க்கட்டும். கூடவே நின்று பாருங்கள், பின்னை உங்கள் கையால் ஒருமுறை வழுக்கிப் பார்க்கக் கேளுங்கள். டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறதா, அதன் தடிமன் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். பேட் வாங்கினால் இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள், வலதில் மிச்சம் இருந்தாலும்.

அதுவரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போகும் வண்டிக்குச் சொல்லுங்கள். பின்னா பிஸ்டனா என்று தெரிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.