முட்டிக்குப் பின்னால் திரளும் நீருக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:

குழுமத்தாருக்கு வணக்கம். முழங்காலின் பின்பக்க வலி பற்றி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு இடங்களில் நிற்கிறேன்.

ஒன்று, மூட்டின் பின்புறம் உள்ள சாய்சதுரப் பள்ளம். மேலே தொடையின் பின்தசைகள், கீழே ஆடுசதையின் இரு தலைகள், நடுவே தமனி, சிரை, நரம்பு. இதற்கு ஒரே சொல் வேண்டும்.

மற்றது 'பேக்கர் சிஸ்ட்'. மூட்டில் மிகையாக ஊறும் நீர் பின்பக்கம் பை போலப் புடைப்பது. 1877இல் இதை விவரித்த லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் மோரன்ட் பேக்கரின் பெயர் அது. பழைய வரைவில் 'ரொட்டி சுடுவோர் கட்டி' என்று இருக்கிறது. அதை எப்படியும் எடுத்துவிடுவேன். பதிலுக்கு என்ன வைப்பது?

தமிழாசிரியர்:

பள்ளத்துக்கு 'முழங்காற்குழி'. முழங்காலினது குழி என்று ஆறாம் வேற்றுமைத் தொகை. வல்லினம் வர லகரம் றகரமாகும் என்பது நன்னூல் விதி. 'முழங்கால் குழி' என்று பிரித்து எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழங்கை, முழங்கால் இரண்டும் மடங்கும் இடங்கள். 'முழ' என்பதில் வளைதல் பொருள் இருப்பதாகவே நான் கருதுகிறேன். முழம் என்ற அளவும் முழங்கையிலிருந்து தொடங்குகிறது. விரல் கணுவை 'மொழி' என்கிறோமே, அதையும் இதோடு சேர்த்து நோக்க வேண்டும். முழவு என்ற தோற்கருவியின் பெயர் வேறு வேரா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

மூட்டு மருத்துவர்:

ஐயா, குழி மிகப் பொருத்தம். என் கவலை சிஸ்ட் பற்றியது. 'நீர்க்கட்டி' என்று எழுதினால் படிப்பவர் காதில் 'கட்டி' மட்டும் விழும். புற்றுநோயா என்று கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் இது பெரும்பாலும் தனி நோயும் அல்ல. மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், மெனிஸ்கஸ் எனும் பிறைவடிவக் குருத்தெலும்பில் கிழிசல், இவற்றால் மூட்டில் நீர் மிகுந்து பின்னால் வழி தேடுகிறது. காரணத்தைக் கவனிக்காமல் நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் மறுபடி சேரும். 'நீர்ப்புடைப்பு' என்றால் இந்த உண்மை பெயரிலேயே இருக்கும். காலை நீட்டினால் இறுகும், மடக்கினால் தளரும். அந்த இயல்புக்கும் 'புடைப்பு' ஒத்துவருகிறது.

தூய தமிழ் அன்பர்:

அக்கா சொல்வது சரி. ஆனால் புடைப்பை விட 'நீர்மொக்குள்' அழகு. மொக்குள் என்றால் நீர்க்குமிழி. நாலடியார் யாக்கையையே மழை மொக்குளோடு ஒப்பிடுகிறது.

தமனியும் சிரையும் வடசொற்கள். நாளமும் அப்படியே. குருதிக்குழாய் என்ற நல்ல சொல் இருக்க இவை எதற்கு?

இயன்முறை மருத்துவர்:

அண்ணா, மொக்குள் என்றால் என்னிடம் வருபவர்களில் யாருக்கும் புரியாது. 'முட்டிக்குப் பின்னாடி பந்து மாதிரி இருக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

குருதிக்குழாய் என்று பொதுவாக எழுதினால் தமனியா சிரையா என்பது போய்விடும். குழியில் துடிக்கும் வீக்கம் இருந்தால் தமனி விரிந்திருக்கலாம். அதை நீவிவிடவே கூடாது, உடனே காட்ட வேண்டும். சிரையில் இரத்தம் உறைவது வேறு ஆபத்து. உறைவு பிய்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

பேச்சில் இரண்டுமே 'நரம்பு' ஆகிவிடுகிறது. 'நரம்புல ரத்தம் கட்டிருச்சு' என்பவரிடம் உண்மையான நரம்பு வலியை, அதாவது இடுப்பிலிருந்து தொடை வழியாக இறங்கி வரும் வலியை, எப்படி விளக்குவது? ஓடுபவர்களுக்குத் தொடைப் பின்தசை நாண்கள் புண்பட்டு வரும் வலி இன்னொன்று. அதையும் 'நரம்பு இழுக்குது' என்றே சொல்கிறார்கள்.

தமிழாசிரியர்:

யாழின் தந்தியும் நரம்புதான். இழுத்துக் கட்டிய எதையும் அச்சொல் குறித்திருக்கலாம். மக்கள் வழக்கைப் பிழை என்று ஒதுக்கக்கூடாது.

மூட்டு மருத்துவர்:

ஒதுக்கவில்லை ஐயா. ஆனால் இந்தக் கையேட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்தப் பை கிழிந்தால் நீர் ஆடுசதைக்குள் இறங்கும். கால் வீங்கும், சூடாகும், வலிக்கும். சிரையில் இரத்தம் உறைந்தாலும் இதேதான். தொட்டுப் பார்த்து உறுதியாகப் பிரிக்க எனக்கே முடியாது. அல்ட்ராசவுண்ட் பார்த்தால்தான் தெரியும். தெரிவதற்கு முன் இரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்தால், நீர் இறங்கிய சதைக்குள் கசிவு கூடலாம். உறைவாக இருந்து கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே சிரை, நரம்பு இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். தூய்மையைப் பிறகு பார்ப்போம்.

தூய தமிழ் அன்பர்:

'பிறகு' என்று சொல்லித்தான் எல்லாம் போயிற்று. குறைந்தது இரத்தம் என்பதைக் குருதி ஆக்குங்கள். அது யாருக்கும் புரியாத சொல் அல்ல.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்ப வேண்டும். முடிவாக எழுதியிருப்பது: பள்ளத்துக்கு முழங்காற்குழி. சிஸ்டுக்கு 'முழங்காற்குழி நீர்க்கட்டி', முதல் முறை வரும்போது 'இது புற்றுநோய் அல்ல, மூட்டு நீர் திரண்ட பை' என்ற தொடரோடு. பேக்கர் பெயரும் ஒருமுறை வரும், ஸ்கேன் அறிக்கையில் அதைத்தான் பார்ப்பார்கள். சிரை அப்படியே இருக்கும், 'பேச்சில் நரம்பு என்கிறோம்' என்ற விளக்கத்துடன். இரத்தமும் அப்படியே. மொக்குளுக்கு ஒரே வாக்கு.

மூட்டு மருத்துவர்:

'கட்டி'க்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் நீர்ப்புடைப்பை மீண்டும் கேட்பேன்.

வரைவில் 'நீர்க்கட்டி வெடித்தால்' என்று இருக்கிறது. அதை 'கிழிந்து நீர் கசிந்தால்' என்று மாற்றுங்கள் தம்பி. வெடிப்பு என்று படித்தவர், அப்படி எதுவும் தெரியவில்லையே என்று வீங்கிய காலோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்.