ஹெட்டைக் கழற்றாமல் வால்வு ஸ்பிரிங் மாற்றுவது அம்பாசிடருக்குச் சரிவருமா?

வெள்ளை அம்பாசிடர்: என் 1,489 சிசி பெட்ரோல் வண்டியின் ராக்கர் கவரைத் (வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்களான ராக்கர்களின் மூடியை) திறந்தபோது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங் உடைந்திருப்பது தெரிந்தது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) மாற்றிச் சில மாதங்களே ஆகின்றன. ஹெட்டை இறக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கயிறு போதும்: முடியும் ஐயா. பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, அதன் முனையை வெளியே விட்டுவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால், கயிறு இறுகி, ஸ்பிரிங்கை எடுக்கும்போது வால்வு சிலிண்டருக்குள் விழாமல் கீழிருந்து தாங்கிக்கொள்ளும். ராக்கரைக் கழற்றிய பின் எல்லா வால்வுகளும் மூடியிருப்பதால் எந்த ஸ்ட்ரோக் என்று பார்க்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் தட்டின் மேல் சாக்கெட்டை வைத்து லேசாகத் தட்டிய பிறகு அமுக்கினால், ஒட்டிக்கிடக்கும் லாக் (தட்டை வால்வுத் தண்டில் பிடித்திருக்கும் சிறு துண்டு) எளிதில் விடும். அதற்கு முன் புஷ்ராட் (ராக்கரைக் கீழிருந்து தள்ளும் தண்டு) துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். அதில் விழும் லாக் நேராக எண்ணெய்ச் சம்ப்புக்குப் போய்விடும்.

பழைய பட்டறை: இந்த முறை பல எஞ்சின்களுக்குப் பொருந்தும், இந்த எஞ்சினுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வடிவமைப்பு. ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. அவற்றை மட்டும் தளர்த்தி, மற்ற ஏழு நட்டுகளை இறுக்கமாகவே விட்டால் ஹெட் வளையக்கூடும்; தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கவும் வழியாகும். ஆகவே ரேடியேட்டரை வடித்து, பதினொரு நட்டுகளையும் படிப்படியாகத் தளர்த்த வேண்டியிருக்கிறது. அத்தனையும் செய்த பிறகு ஹெட்டைக் கழற்றவில்லை என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

கயிறு போதும்: நட்டுகளைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, நான் அதை முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ஹெட்டைத் தூக்குவதென்றால் கார்புரேட்டர், மேனிஃபோல்டு, சைலன்சர் குழாய், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் கழல வேண்டும். துருப்பிடித்த ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத் தண்டு) ஒன்று முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். தண்ணீரை வடித்து, வரிசைப்படி தளர்த்தி, ராக்கரை எடுத்ததும் அந்த நான்கு ஸ்டட்டுகளில் சரியான உயரமுள்ள குழாய்த் துண்டுகளைச் செருகி நட்டுகளை மீண்டும் முறைப்படி இறுக்கிவிட்டால், வேலை நடக்கும்போது ஹெட் அசையாது.

சுருதி: காற்றழுத்த முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கம்ப்ரஸரிலிருந்து பிளக் துளைக்குக் காற்றைச் செலுத்தி வால்வைத் தூக்கி நிறுத்தலாம் அல்லவா?

பழைய பட்டறை: செய்யலாம் அம்மா, ஆனால் பிஸ்டன் உச்சியிலிருந்து சிறிது விலகியிருந்தாலும் காற்று அதைக் கீழே தள்ளும். இந்த எஞ்சினின் 73 மில்லிமீட்டர் சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் கொடுத்தால், பிஸ்டன் மீது விழும் விசை ஏறத்தாழ 290 கிலோ. கிராங்க் நட்டில் ஸ்பேனரை மறந்து விட்டிருந்தால் அது கையை உடைத்துவிடும். கயிறு அவ்வகையில் பாதுகாப்பானது.

பழைய பட்டறை: கயிறு போதும் அவர்களே, நீங்கள் சொல்லும் குழாய்த் துண்டு உத்தியிலும் அழுந்திப் படிந்த கேஸ்கெட் இருமுறை தளர்ந்து இருமுறை இறுகுகிறது. அது மீண்டும் கசியாது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். மேலும், ஸ்பிரிங் உடைந்த பிறகு வண்டி ஓடியிருந்தால் வால்வு வளைந்திருக்கலாம். வால்வு சீட்டில் (மூடும்போது வால்வு பொருந்தும் வளையத்தில்) சரியாக உட்காராமல் எரிந்தும் இருக்கலாம்.

கயிறு போதும்: அந்த ஐயத்தை முன்பே தீர்த்துக்கொள்ளலாம். ராக்கரைத் தொடுவதற்கு முன் இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை மிகச் சரியாக உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதை வைத்துக் கேளுங்கள். சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு பழுது. அப்போது ஹெட்டை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று நானே சொல்வேன். சீறல் இல்லையென்றால், நல்ல நிலையில் இருக்கும் ஹெட்டைத் தூக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

பழைய பட்டறை: அந்தச் சோதனையைச் செய்யட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. சீறல் இல்லாவிட்டாலும் புதிய கேஸ்கெட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள் என்றே வண்டிக்காரரிடம் சொல்வேன்.