திருப்பிக் குடுக்கறதுக்கு ஒரு சொல் வேணும், திங்கக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான கணக்கு ஆப் ஒண்ணை தமிழ்ல மாத்திக்கிட்டு இருக்கேன், திங்கக்கிழமை காலைல ஃபைலை அனுப்பியாகணும். மூணு பட்டன்ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ரீபே, ரீஃபண்ட், ரீஇம்பர்ஸ். கடன் வாங்கின உறுப்பினர் தவணை கட்டறது முதலாவது. தெரியாம கூடுதலா கட்டிட்டா குழு அதை அவங்களுக்கே தர்றது ரெண்டாவது. குழு வேலையா பேங்குக்குப் போய்ட்டு வந்தவங்க பஸ்ஸுக்குப் போட்ட கைக்காசை குழு குடுக்கறது மூணாவது. எனக்கு முன்னாடி செஞ்சவங்க மூணுக்குமே "திருப்பிச் செலுத்துதல்"னு போட்டு வச்சிருக்காங்க. சோதனைக்காக எங்க தெரு அக்கா ஒருத்தங்ககிட்ட ஃபோனைக் குடுத்தேன், அவங்களுக்கு 300 ரூபாய் வரணும், "திருப்பிச் செலுத்து"ன்னு இருந்ததை அமுக்கினாங்க, அது அவங்க கணக்குலேர்ந்து இன்னொரு 300 எடுக்கப் போச்சு, நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். "எனக்குத் திருப்பிச் செலுத்துன்னுதானே கண்ணு நான் சொன்னேன்"னு கேட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. யாரு யாருக்குக் குடுக்கறாங்கங்கறதே அந்தச் சொல்லுல இல்லையே. உதவி பண்ணுங்க.

—

தங்கச்சி, தமிழ்ல இதுக்குச் சொல் இல்லாம இல்ல, நாமதான் பெட்டியைத் திறக்கறதே இல்ல. கைம்மாறு. "கைம்மாறு வேண்டா கடப்பாடு" 211-வது குறள், பள்ளிக்கூடத்துல படிக்காதவங்க யாரு? கை + மாறு, தனி ஐகாரத்துக்குப் பின்னாடி மெல்லினம் மிகும்னு நன்னூல் சொல்றபடி நடுவுல ஒரு ம் வந்து உக்காந்துக்குது. அந்த ம்மை விட்டுட்டு "கைமாறு"ன்னு எழுதிடாதீங்க, அப்புறம் அது ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்குப் போறதுன்னு மட்டும் ஆயிடும். மாறுங்கற சொல்லோட வயசைப் பாருங்க, அகநானூறு 140-ல உப்பு விக்கிற பொண்ணு "நெல்லின் நேரே வெண்கல் உப்பு"ன்னு தெருவுல விலைமாறு கூவிக்கிட்டுப் போறா, நெல்லுக்குச் சரியா உப்பு. இந்த "நேரே"ங்கறதுதான் நம்ம ஆளு முத முதல்ல எழுதி வச்ச ரேட்டுன்னு நான் வகுப்புல சொல்லுவேன். அதனால ரீபேக்கு கைம்மாறு செய், ரீஃபண்டுக்கு கைம்மாறு பெறு. முடிஞ்சது.

—

> அதனால ரீபேக்கு கைம்மாறு செய்

ஐயா, மன்னிக்கணும், இதுல எனக்கு உடன்பாடு இல்ல. கைம்மாறுங்கறது உதவிக்குச் செய்யறது, கடனுக்கு இல்ல. மழைக்கு உலகம் என்ன பண்ணிட முடியும்னு கேக்கற குறள் அது, தவணைத் தேதியும் அபராத வட்டியும் அங்க கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், எங்க மதுரைப் பக்கம் "கைமாத்து"ன்னா வட்டியில்லாம நாலு நாளைக்கு வாங்கற சின்னக் கடன். கைம்மாறு பட்டனைப் பாத்துட்டு "ஓ, குழுவுல கைமாத்து தர்றாங்க"ன்னு அமுக்குவாங்க. அந்த அக்காவுக்கு நடந்ததே மறுபடி நடக்கும். பழைய சொல்லுங்கறதுக்காக தப்பான இடத்துல உக்கார வைக்கக் கூடாது.

—

வணக்கம். எங்கட பக்கம் பேமெண்டுக்கு கொடுப்பனவு எண்டுதான் எழுதுறது, ரீஃபண்டுக்கு மீளளிப்பு. மீள்குடியேற்றம் மாதிரி "மீள்" எண்டு முன்னால போட்டால் சனத்துக்கு உடன விளங்கும். இவ்வளவு யோசிக்க என்ன கிடக்கு எண்டு எனக்கு விளங்கேல்ல. தமிழ்நாட்டில "திரும்ப", "திருப்பி" எண்டு வினையெச்சத்தை வைச்சு நீட்டி எழுதுறதாலதான் பட்டனுக்குள்ள சொல் அடங்குதில்லை.

—

இதுல இன்னொண்ணும் கவனிக்கணும், மன்னிச்சிக்கோங்க கொஞ்சம் விலகிப் போறேன். திருப்பிக் குடுக்கறதுங்கறது நம்மகிட்ட காசுக்கும் அடிக்கும் ஒண்ணுதான். "வட்டியும் முதலுமா திருப்பிக் குடுப்பேன்"னு ஒருத்தன் சொன்னா அவன் பேங்க் வாசல்ல நிக்கறானா சண்டையில நிக்கறானான்னு முகத்தைப் பாத்தாத்தான் தெரியும். ஆனா பழிக்கு வந்தா மட்டும் நாம குடுக்கறதில்ல, *வாங்கறோம்*. பழி வாங்கினான். அதாவது எனக்குத் தீங்கு செஞ்சவன் எனக்குக் கடன்காரன், நான் போய் வசூல் பண்றேன். அதே மாதிரி கடன் தீர்த்தான், பழி தீர்த்தான், கணக்குத் தீர்த்தான், மூணுக்கும் ஒரே வினை. கடனே பாதி கடமைதான், "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே"ன்னு புறநானூத்துத் தாய் சொல்றப்போ பெத்து வளக்கறதை என் வேலைன்னு சொல்றாளே ஒழிய யாருக்கும் பாக்கி வச்சிருக்கேன்னு சொல்லல. ஈமக்கடன், நேத்திக்கடன் எல்லாம் அந்த வழி. அப்புறம் வரி இறுத்தல், கடன் இறுத்தல்னு ஒரு அருமையான வினை இருந்துச்சு, இறைன்னா வரி, அதை ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கறீங்க? "கடன் இறு". ரெண்டே சொல்.

—

"இறு"ன்னு போட்டா இறுத்து வைக்கறது, வடிகட்டறதுன்னு எடுத்துப்பாங்க சார். நான் காபி டிகாக்‌ஷனுக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்றேன்.

—

எல்லாரும் 211-லயே நிக்கறீங்க, பத்து குறள் தள்ளிப் போங்க. 221. "வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து." குறியெதிர்ப்பைன்னா அளவைக் குறிச்சு வாங்கி அதே அளவுல எதிர் குடுக்கறது. நமக்கு வேண்டிய ரீபேமெண்ட் அச்சா இதுதான்! புறநானூறு 163-லயும் வருது, பெருஞ்சித்திரனார் குமணன்கிட்ட பரிசில் வாங்கிட்டு வந்து பொண்டாட்டிகிட்ட சொல்றார், நம்ம குடும்பம் பசியில கிடந்தப்போ உனக்கு நெடுங்குறியெதிர்ப்பை குடுத்தவங்களுக்கும் குடு, இன்னார்னு பாக்காத, என்னையும் கேக்காத, எல்லாருக்கும் குடுன்னு. வீட்டுல அடுப்பு எரியாத நாள்ல அக்கம்பக்கத்துல அளந்து வாங்கி ஓட்டினவ அந்த அம்மா, அந்தக் கடன் பாட்டுக்குள்ளயே வந்துடுச்சு.

எங்க அம்மா இப்பவும் செய்யறாங்க. பக்கத்து வீட்டுல ஒரு டம்ளர் சக்கரை வாங்கினா டம்ளர் விளிம்புல விரலால தடவி தலைதட்டித்தான் வாங்குவாங்க. திருப்பித் தர்றப்போ அதே டம்ளர், ஆனா குமிச்சு, மேல ரெண்டு சிட்டிகை நழுவி தட்டுல விழும், அந்தத் தட்டோட குடுத்துட்டு வருவாங்க. வேற டம்ளர்ல கொண்டு போனா நான் திட்டு வாங்குவேன். அந்த டம்ளர்தான் "குறி"ன்னு எனக்கு 40 வயசுல இந்தக் குறளைப் படிச்சப்பத்தான் புரிஞ்சுது. இந்தச் சொல்லை விட்டுட்டு "திருப்பிச் செலுத்துதல்"னு ஆபீஸ் தமிழ் எழுதறது எனக்கு மனசுக்கு ஆகல.

—

அருமையான சொல், மறுக்கல. எதிர்ப்பைங்கறதுல பைங்கறது நெல் அளந்து போட்ட பையாத்தான் இருக்கணும், குறி போட்ட பை, எதிர்ப் பை.

—

பை இல்லைங்க. எதிர்ப்பு மேல ஐ ஏறினதாத்தான் எனக்குப் படுது. பைன்னு பிரிச்சா "குறியெதிர்" தனியா அந்தரத்துல நிக்கும்.

—

பை பத்தி அப்புறம் பேசலாம், மணி ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து. சாயங்காலம் அந்த அக்காவையும் குழுவுல இன்னும் ரெண்டு பேரையும் உக்கார வச்சு நீங்க சொன்னதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் காட்டினேன். மீளளிப்புன்னா ஏதோ ஆஸ்பத்திரியான்னு கேட்டாங்க. கைம்மாறு புரிஞ்சுது, ஆனா "காசுக்கா?"ன்னு முகத்தைச் சுளிச்சாங்க. குறியெதிர்ப்பையை நான் விளக்கினதும் மூணு பேரும் சந்தோஷமா கேட்டாங்க, டம்ளர் கதையை அவங்களே இன்னும் நல்லாச் சொன்னாங்க, ஆனா பட்டன்ல வேணாம்னுட்டாங்க. அவங்க பேசறப்போ ரெண்டு சொல்லை மட்டும் மாத்தாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க, *கட்டறது*, *வாங்கறது*. அதனால "தவணை கட்டு", "கூடுதல் பணம் வாங்கு", "கைக்காசு வாங்கு". திசை தெரியுது, அளவும் அடங்குது. இதையே அனுப்பறேன்.

—

பட்டனுக்குச் சரி. நானும் ஒத்துக்கறேன், கைம்மாறை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கட்டுங்கறது வினை, நாளைக்கு ஒருத்தன் அறிக்கை எழுதறப்போ அவனுக்குப் பெயர்ச்சொல் வேணுமே, "கட்டல்"னு எழுதுவானா?

—

எனக்கும் கட்டு, வாங்கு ஓகே. சொல்லடைவுல பெயருக்கு மீளளிப்பு, செலவு ஈடு ரெண்டையும் போடுங்க. இழப்பீடு, காப்பீடு எல்லாம் எல்லாருக்கும் பழகின பிறகு செலவு ஈடு ஒண்ணும் கஷ்டம் இல்ல.

—

நான் ஒத்துக்கல, அதைப் பதிவு பண்ணிக்கோங்க. குறியெதிர்ப்பைக்கு ஒரு இடமாவது குடுங்கம்மா.

—

அண்ணா, ஒரே ஒரு வரி இருக்கு. 24-வது வரி, குழுவுலேர்ந்து விதை நெல் வாங்கி அறுப்பு முடிஞ்சு நெல்லாவே தர்றது. அதுக்கு நான் இன்னும் ஒண்ணும் எழுதல, உங்க சொல்லைத்தான் வைக்கலாம்னு இருந்தேன். ஆனா குழு விதியைப் பாத்தா ஒரு மரக்கா கூடச் சேத்துத் தரணும்னு போட்டிருக்கு. அப்ப அது அதே அளவு இல்லையே, குறியெதிர்ப்பை ஆகுமா? காலைல ஒம்பது மணிக்குள்ள சொல்லுங்க.